கடலோர ஆலயங்களின் ஜப்பானியத் திரை ஓவியங்களை நேரில் பார்ப்பது எப்படி?

யாத்ரீகர்கள் படகிலிருந்து இறங்குகிறார்கள். கடலுக்குள் ஒரு சிவப்பு வாயில் நிற்கிறது. கரையில் துணித் திரை கட்டி ஒரு குடும்பம் சோறு உண்கிறது. இன்னும் நூற்றுக்கணக்கான சிறு மனிதர்கள் சப்பரம் தூக்குகிறார்கள், ஆடுகிறார்கள், மீன் விற்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டு ஜப்பானியத் திரை ஓவியம் ஒன்றின் படத்தைக் கணினியில் பார்த்து மயங்கி, அதை நேரில் பார்ப்பதற்கென்றே பணம் சேர்த்தேன். ஒசாகா வட்டாரத்தில் இருந்த அந்த அருங்காட்சியகத்துக்கு முதல் நாள் காலையிலேயே போய் நின்றேன். திரை அங்கே இல்லை. சேமிப்பறையில் இருக்கிறது, அடுத்து எப்போது வெளியே வரும் என்று இன்னும் முடிவாகவில்லை என்று பணிவாகச் சொன்னார்கள். பதினோரு நாள் பயணத்தில் நான் பார்க்க வந்த அந்த ஒன்றை மட்டும் பார்க்காமல் திரும்பினேன்.

இரண்டாம் முறை பார்த்துவிட்டேன். இடையில் கற்றுக்கொண்டவற்றை வரிசைப்படி எழுதுகிறேன். இந்தத் திரைகளை ஜப்பானில் 'பியோபு' என்பார்கள். பெரும்பாலும் ஆறு மடிப்புகள் கொண்ட இரண்டு திரைகள் சேர்ந்ததே ஒரு முழுப் படைப்பு. இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

1. எந்த ஊர், எந்தத் திரை என்று முடிவு செய்யுங்கள்

"ஜப்பானியத் திரை ஓவியம் பார்க்க வேண்டும்" என்ற பொதுவான ஆசையோடு கிளம்பினால் கொக்கும் மூங்கிலும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். யாத்திரையும் திருவிழாவும் வேண்டுமென்றால் இரண்டு தலங்களைப் பிடித்துக்கொள்வது நல்லது.

ஒன்று, ஹிரோஷிமா மாநிலத்தின் மியாஜிமா தீவில் உள்ள இட்சுகுஷிமா ஆலயம். கடலுக்குள் நிற்கும் பெரிய 'தோரி' வாயிலும், தண்ணீருக்கு மேல் ஓடும் சிவப்புத் தாழ்வாரங்களும், ஐந்தடுக்குக் கோபுரமும், மான்களும் இருந்தால் அது இட்சுகுஷிமாதான். ஜோடியின் மறு திரையில் பெரும்பாலும் இன்னொரு புகழ்பெற்ற கரை இருக்கும். பைன் மரங்கள் நிறைந்த நீண்ட மணல்திட்டு தெரிந்தால் அது ஆமனோஹாஷிதாதே. வாகனௌரா விரிகுடாவோடு ஜோடி சேர்த்ததும் உண்டு.

மற்றொன்று, ஒசாகாவின் சுமியோஷி தாய்ஷா. வில்லாக வளைந்த பாலம், பைன் தோப்பு, வற்றிய கடலில் சிப்பி பொறுக்குவோர், பக்கத்து ஊரான சாகாய்க்குப் போகும் சப்பர ஊர்வலம் ஆகியவை இதன் அடையாளங்கள். சாகாய் நகர அருங்காட்சியகத்தில் இந்த விழாவைக் காட்டும் ஒரு திரை ஜோடி இருக்கிறது. ஐரோப்பியர்போல உடுத்திக்கொண்டு ஊர்வலத்தில் நடப்பவர்களைக்கூட அதில் பார்க்கலாம். துறைமுக ஊரின் குறும்பு அப்படியே அதில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

திரையின் பெயரை ஜப்பானிய எழுத்தில் அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர்க்கவே முடியாது. ஆங்கிலப் பெயர் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஜப்பானியப் பெயர் அவ்வளவாக மாறுவதில்லை. முதல் முறை நான் ஆங்கிலப் பெயரை மட்டும் வைத்துத் தேடியதால் பாதித் தகவல் கண்ணில் படவேயில்லை.

2. வீட்டில் இருந்தபடியே படத்தை ஊன்றிப் பாருங்கள்

இதற்குச் செலவில்லை. 'கால்பேஸ்' என்பது ஜப்பானின் தேசிய அருங்காட்சியகங்களுடைய பொதுத் தரவுத்தளம். அதிலுள்ள படங்களை மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அனுமதி கேட்காமலே பயன்படுத்தலாம். 'ஜப்பான் சர்ச்' என்ற தளம் நூலகங்கள், நகர அருங்காட்சியகங்கள் உட்படப் பல நிறுவனங்களின் தொகுப்புகளை ஒரே இடத்தில் தேட உதவுகிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017லும், வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் 2020லும் பதிப்புரிமைக் காலம் கடந்த படங்களைக் கட்டணமின்றித் திறந்துவிட்டன.

வலமிருந்து இடமாகப் பாருங்கள். வலது திரையின் வலது ஓரம்தான் தொடக்கம். தங்க மேகங்களைப் பின்னணி அலங்காரம் என்று எண்ணித் தாண்டிவிடாதீர்கள். ஒரு காட்சியை மூடி அடுத்ததைத் திறந்துகாட்டும் கதவுகள் அவை. நேரில் நிற்கும்போது எங்கே கண்ணை வைப்பது என்று திகைக்காமல் இருக்க, பத்துப் பதினைந்து காட்சிகளை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வது உதவும். எனது பட்டியலில் இருந்தவை: மேடையில் ஆடும் முகமூடி நடனக்காரர், தலையில் முக்காடிட்டு வரும் பெண்கள், படகில் சமைப்பவன், குழந்தையைத் தோளில் ஏற்றி ஊர்வலம் காட்டும் தகப்பன்.

3. திரை எப்போது வெளியே வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

பயணம் முழுவதும் இந்தப் படியில்தான் தொங்குகிறது. தாளில் தீட்டிய ஓவியம் வெளிச்சம் பட்டால் மங்கும். அதனால் ஜப்பானில் எந்தப் பழைய திரையும் ஆண்டு முழுக்கக் காட்சியில் இருக்காது. தேசியப் பொக்கிஷம், முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அரசு அறிவித்தவற்றை ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் காட்டக் கூடாது, எல்லாம் சேர்த்து 60 நாளைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. எளிதில் நிறம் மங்குபவற்றுக்கு 30 நாள்தான். அறிவிக்கப்படாத திரைகளையும் ஏறத்தாழ இதே கவனத்தோடுதான் நடத்துகிறார்கள். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தின் பிரதான கட்டடத்தில் திரைகளுக்கென்றே ஓர் அறை உண்டு, எண் 7. அங்கும் ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை திரைகள் மாறிவிடும்.

ஜப்பானில் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அந்த ஆண்டுக்கான கண்காட்சி அட்டவணையைப் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் அதற்குச் சற்று முன்பே வெளியிட்டுவிடும். ஆகவே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தேடத் தொடங்குங்கள். ஆனால் எந்தப் படைப்பு எந்த நாளில் என்ற முழுப் பட்டியல் கண்காட்சி தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போதுதான் வரும். அந்தப் பட்டியலுக்கு 'ஷுப்பின் மோகுரோகு' என்று பெயர். அதைப் பார்க்காமல் விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

பட்டியலில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

'ஸென்கி' என்றால் முற்பகுதி, 'கோக்கி' என்றால் பிற்பகுதி. இரண்டு மாதக் கண்காட்சி ஒன்றில் உங்கள் திரை ஒரு பகுதியில் மட்டும் இருக்கலாம். நடுவில் பொருள்களை மாற்றுவதை 'தென்ஜிகாயே' என்கிறார்கள். கண்காட்சி நடக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, திரை எடுக்கப்பட்ட மறுநாள் போய் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

ஜோடியில் ஒன்றை மட்டும் வைப்பதும் உண்டு. வலது திரையை 'உசெகி' என்றும் இடது திரையை 'சசெகி' என்றும் குறிப்பிடுவார்கள். இதில் ஒரு சொல் மட்டும் இருந்தால் பாதி ஓவியத்தைத்தான் பார்க்கப்போகிறீர்கள். விழாத் திரைகளில் இது பெரிய இழப்பு. ஊர்வலத்தின் தலை ஒரு திரையிலும் வால் மற்றதிலுமாக இருக்கும்.

மூன்றாவது, நகல். 'ஃபுகுசெய்' என்று சீட்டில் இருந்தால் அது உயர்தர அச்சுப் பிரதி. கேனன் நிறுவனமும் கியோட்டோவின் ஒரு பண்பாட்டு அமைப்பும் 2007 முதல் நடத்தும் 'ட்சுஸுரி' திட்டத்தில் செய்யப்படும் நகல்களில் உண்மையான தங்கத் தகடே ஒட்டுகிறார்கள். கண்ணாடித் தடுப்பு இல்லாமல் அருகில் போய்ப் பார்க்கக் கிடைத்தால் நகலையும் விட்டுவிடாதீர்கள். மூலம் என்று நம்பிக் கடல் தாண்டிப் போகாமல் இருந்தால் சரி.

இன்னொன்று: பல ஜப்பானிய அருங்காட்சியகங்கள் சீரமைப்புக்காக ஆண்டுக்கணக்கில் மூடப்படுகின்றன. டோக்கியோவின் இதெமிட்சு கலை அருங்காட்சியகம் 2024 டிசம்பர் இறுதியில் கட்டடம் மாற்றிக் கட்டுவதற்காக மூடப்பட்டது. பழைய பயண நூலை நம்பாமல் அந்தந்த இடத்தின் தளத்தையே பாருங்கள்.

4. அருங்காட்சியகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்

வெட்கப்படாமல் எழுதுங்கள். சிறு நகர அருங்காட்சியகங்கள்கூடப் பொறுமையாகப் பதில் தருகின்றன. நீளமான அறிமுகம் வேண்டாம். திரையின் ஜப்பானியப் பெயர், நீங்கள் வர நினைக்கும் தேதிகள், பிறகு மூன்று கேள்விகள்: மூலம் காட்சியில் இருக்குமா? இரண்டு திரைகளும் இருக்குமா? எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை? ஜப்பானிய மொழிபெயர்ப்பையும் கீழே சேர்த்தால் பதில் விரைவில் வரும். எனக்கு ஒருமுறை மூன்று நாளிலும் இன்னொரு முறை இரண்டு வாரத்திலும் பதில் வந்தது.

காட்சியில் இல்லாத திரையைச் சேமிப்பறையில் காட்டும் வழக்கமும் இருக்கிறது. 'தொகுபெட்சு கான்ரான்' என்ற சிறப்புப் பார்வை அது. ஆய்வாளருக்கானது. விண்ணப்பம், ஆய்வு நோக்கம், மாணவராக இருந்தால் பேராசிரியரின் கடிதம் ஆகியவை தேவைப்படும், கட்டணமும் இருக்கலாம். வெறும் ரசிகராக விண்ணப்பித்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஆறு மடிப்புள்ள இரண்டு திரைகளை விரிக்க ஆட்களும் பெரிய அறையும் வேண்டும். அந்தச் சிரமத்தைத் தக்க காரணமின்றிக் கொடுக்கக் கூடாது.

5. விசா

தேதி உறுதியான பிறகு இதற்கு வாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகிய காலச் சுற்றுலா விசா தேவை. தமிழ்நாட்டில் இருப்போர் சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருவார்கள். விண்ணப்பத்தை விசா மையத்தில் கொடுக்க வேண்டும். இலங்கையில் இருப்போர் கொழும்புத் தூதரகத்தின் பட்டியலைத் தனியாகப் பாருங்கள். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கும் மலேசிய மின்கடவுச்சீட்டுக்கும் குறுகிய பயணத்துக்கு விசா வேண்டியதில்லை.

எடுத்து வைக்க வேண்டியவை: கடவுச்சீட்டு, விண்ணப்பப் படிவம், அண்மைய நிழற்படம், விமான முன்பதிவு, தங்கும் விடுதி முன்பதிவு, நாள்வாரியான பயணத் திட்டம், கடைசி ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்குகள், வேலை செய்பவரானால் நிறுவனத்தின் விடுப்புக் கடிதம். பட்டியல் அவ்வப்போது மாறுகிறது. கொடுப்பதற்கு முந்தைய வாரம் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

பயணத் திட்டத்தில் அருங்காட்சியகத்தின் பெயரையும் நாளையும் எழுதுங்கள். "சுற்றிப் பார்த்தல்" என்று பத்து நாளும் ஒரே சொல்லை நிரப்புவதைவிட அது நம்பிக்கை தரும். விசா கைக்கு வரும்வரை, கட்டணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவுகளை மட்டுமே செய்யுங்கள். ஆறு வாரத்துக்கு முன்பே விண்ணப்பிப்பது நிம்மதி.

2024 ஏப்ரல் முதல் இந்தியர்களுக்கு மின்விசா வந்துவிட்டது. இதில் பலரும் சறுக்குகிறார்கள்: விமான நிலையத்தில் விசா அறிவிப்பைக் கைப்பேசியில் இணையம் வழியாகத் திறந்து காட்ட வேண்டும். அச்சுப் பிரதி, திரைப்பிடிப்பு, சேமித்து வைத்த கோப்பு எதையும் ஏற்க மாட்டார்கள். கைப்பேசியில் மின்சாரமும் இணையமும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

6. செலவு

விமானக் கட்டணத்தை விட்டுவிட்டால் பெரிய செலவு ரயில். நாடு முழுவதற்குமான ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென் ஆகிவிட்டது. இந்தப் பயணத்துக்கு அது தேவையே இல்லை. ஒசாகாவில் இறங்குங்கள். கன்சாய்–ஹிரோஷிமா வட்டாரப் பாஸ் ஐந்து நாளுக்கு 17,000 யென். ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலும், மியாஜிமா போகும் ஜே.ஆர். ரயில் நிறுவனத்தின் படகும் அதில் அடங்கும். கியோட்டோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் இடையே ஷின்கான்சென் ஏறினால் மட்டும் இந்தப் பாஸ் செல்லாது. சாதாரண ரயிலில் போங்கள்.

ஓவியம் பார்ப்பதற்கான செலவு வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தின் நிலையான காட்சிக்கு நான் போனபோது 1,000 யென். 18 வயதுக்கு உட்பட்டோருக்கும் 70 வயதுக்கு மேற்பட்டோருக்கும் அங்கே கட்டணம் இல்லை. பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் கடவுச்சீட்டைக் காட்டி இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சிறப்புக் கண்காட்சிகளுக்குத் தனிக் கட்டணம்; 2,000 யென் அளவில் எதிர்பாருங்கள்.

7. திரையின் முன்னால்

திங்கட்கிழமை பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். திங்கள் அரசு விடுமுறையானால் அன்று திறந்து செவ்வாயில் மூடுவார்கள். டோக்கியோவின் சன்டோரி கலை அருங்காட்சியகத்துக்கு வழக்கமான விடுமுறையே செவ்வாய்தான்.

பையைப் பெட்டகத்தில் வையுங்கள். 100 யென் நாணயம் போட்டால் திரும்ப எடுக்கும்போது கிடைத்துவிடும். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டுமே அனுமதி, பேனா கூடாது. ஒற்றைக்கண் தொலைநோக்கி ஒன்று கட்டாயம் வேண்டும் என்பேன். ஜப்பானியப் பார்வையாளர்கள் பலரும் அதோடுதான் வருகிறார்கள். திரை கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். அதிலுள்ள மனிதரோ விரல் நீளம்கூட இருக்க மாட்டார். நான்கு முதல் ஆறு மடங்கு பெரிதாக்குவது போதும். அருகிலிருக்கும் பொருளையும் தெளிவாகக் காட்டுகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

முதலில் தள்ளி நின்று இரண்டு திரைகளையும் ஒன்றாகப் பாருங்கள். பிறகு வலது ஓரத்துக்குப் போய் மெல்ல இடப்பக்கமாக நடங்கள். மடிப்புகள் முன்னும் பின்னுமாக நிற்பதால், நடக்க நடக்கக் கடற்கரை விரிந்து சுருங்கும். கணினியில் தட்டையாகப் பார்த்தபோது இது எனக்குத் தெரியவே இல்லை. கடைசியில், இடையூறு இல்லாத நேரமாகப் பார்த்து, முழங்காலை மடித்துத் தாழ்ந்து பாருங்கள். இவை பாயில் அமர்ந்திருப்பவருக்காகத் தீட்டியவை. தாழ்ந்ததும் தங்கத்தில் வெளிச்சம் வேறு விதமாக விழுகிறது. படகுகள் நம் கண் மட்டத்துக்கு வந்து நிற்கின்றன. கண்கலங்கிப் போனேன். ஒரு திரைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். திறக்கும் நேரத்தில் போனால் முதல் அரை மணி நேரம் கூட்டம் இருக்காது.

8. இட்சுகுஷிமா: கடலின் நேரம் பார்த்துப் போங்கள்

ஹிரோஷிமாவிலிருந்து மியாஜிமாகுச்சிக்கு ரயிலில் அரை மணி. அங்கிருந்து படகில் பத்து நிமிடம். 2023 அக்டோபர் முதல் தீவுக்குப் போகிற ஒவ்வொருவரும் 100 யென் வரி செலுத்த வேண்டும். ரயில் பாஸ் வைத்திருந்தாலும் இதைத் தனியாகக் கட்ட வேண்டும். ஆலயத்துக்குள் நுழைய நான் போனபோது 300 யென். காலை 6:30க்குத் திறக்கிறார்கள்.

ஓதத்தின் அட்டவணையை முன்பே பாருங்கள். கடல்மட்டம் 250 சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் ஆலயம் மிதப்பதுபோல் இருக்கும். 100 சென்டிமீட்டருக்குக் கீழ் வற்றினால் தோரியின் அடிவரை நடந்தே போகலாம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரம்தான் என்பதால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முடியும். நான் வற்றத்தில் நடந்துவிட்டு, மலையேறி இறங்கி, ஏற்றத்துக்குத் தாழ்வாரத்தில் வந்து நின்றேன். இப்போதுள்ள தோரி 1875இல் எழுப்பியது. திரையில் இருப்பதன் வாரிசு.

'கான்கென்சாய்' என்ற படகு இசைவிழா சந்திர நாட்காட்டியின் ஆறாம் மாதம் 17ஆம் நாளில் வருகிறது. பௌர்ணமி கழிந்து இரண்டு நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும், பெரும்பாலும் ஜூலை அல்லது ஆகஸ்டில் விழும். விடுதி அந்த நாளில் கிடைப்பது கடினம். வானிலை மோசமானால் படகு ஊர்வலத்தைச் சுருக்கிவிடவும் கூடும். வெயிலுக்கு அஞ்சுபவர்கள் ஏப்ரல் 15ஐ எண்ணிப் பாருங்கள். அன்று ஆலய மேடையில் 'புகாகு' நடனம் நடக்கிறது. திரைகளில் முகமூடியோடு ஆடுவது அதே நடனம்.

9. சுமியோஷி: கடல் இல்லாத கடலோர ஆலயம்

ஒசாகாவின் நம்பாவிலிருந்து நான்காய் ரயிலில் சுமியோஷிதாய்ஷா நிலையத்தில் இறங்கினால் மூன்று நிமிட நடை. நுழைவுக் கட்டணம் இல்லை. திரையில் அலை தொடும் இடத்தில் இருக்கும் ஆலயத்தைச் சுற்றி இப்போது வீடுகளும் டிராம் பாதையும்தான் இருக்கின்றன. கடலைத் தூர்த்துத் தூர்த்து, கரை பல கிலோமீட்டர் மேற்கே போய்விட்டது. ஏமாறாதீர்கள், வளைந்த பாலம் அப்படியே திரையில் இருப்பதுபோல் நிற்கிறது. மேற்கே உள்ள பூங்காவைத் தாண்டினால் பழைய கலங்கரை விளக்கத்தின் மறுகட்டுமானமும் இருக்கிறது. அன்றைய கடற்கரையின் தடம் அது.

விழா ஜூலை 30, 31, ஆகஸ்ட் 1. தேதி மாறுவதில்லை என்பது பெரிய வசதி. கடைசி நாளில் சப்பரம் சாகாய்க்குப் புறப்படுகிறது, திரையில் போகும் அதே திசையில். வெயில் 35 டிகிரியைத் தொடும். தொப்பி, தண்ணீர், கழுத்துக்கு ஒரு துண்டு வேண்டும். பாலத்தருகே நிற்க விரும்பினால் ஊர்வலம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடம் பிடியுங்கள். அங்கு நின்றபோது எனக்கு முன்னால் இருந்தவர் தன் மகளைத் தோளில் ஏற்றிச் சப்பரத்தைக் காட்டினார்.